மன்னிக்கிறேன் என்று சொல்ல மறுத்த கவர்னர்

போன எபிசோடில் மே தினம் எப்படிப் பிறந்தது என்று பேசினோம் இல்லையா, அதுக்கு வந்த கேள்விகளில் ஒண்ணு என்னை ஒரு வாரமா விடவே இல்லை. "நாலு பேரைத் தூக்கில் போட்டாங்க, சரி. மூணு பேர் ஜெயிலில் இருந்தாங்கன்னு சொல்லிட்டு அப்படியே விட்டுட்டீங்களே, அவங்க என்ன ஆனாங்க?"

நியாயமான கேள்வி. நான் அவசரத்தில் தாண்டிப் போயிட்டேன். ஒரு வரியில் பதில் சொல்லணும்னா, ஏழு வருஷம் கழித்து ஒரு கவர்னர் அவங்களை விடுதலை செய்தார். ஆனா அந்த ஒரு வரிக்குப் பின்னாடி ஒரு மனுஷன் இருக்கார். அந்த ஒரு கையெழுத்தால் பதவி, பேர் ரெண்டும் போய், கடைசியில் கையில் இருந்த காசும் இல்லாமல் செத்தவர். அவர் பெயர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட். இன்றைக்கு அவரைப் பற்றித்தான்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திடறேன். கவர்னர் என்றதும் நம்ம மனசில் ராஜ்பவன், டெல்லியில் இருந்து அனுப்பப்பட்ட ஒரு பெரியவர் என்ற படம் வரும். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே மாநில கவர்னர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறவர். நம்ம முதலமைச்சர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்க. அதனால் அவருக்கு அடுத்த தேர்தல் பற்றிய பயமும் உண்டு. இந்தக் கதைக்கு அது முக்கியம்.

சிகாகோ, 1893 என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது விவேகானந்தர். சென்னை நண்பர்கள் காசு சேர்த்து அனுப்பி வைக்க, அங்கே போய்ப் பேசியது அந்த வருஷம் செப்டம்பர் மாதம். அப்போது சிகாகோ இருக்கிற இல்லினாய் மாநிலத்துக்கு இந்த ஆல்ட்கெல்ட்தான் கவர்னர். விவேகானந்தர் மேடை ஏறுவதற்குச் சரியாக ரெண்டரை மாதம் முன்னால், அமெரிக்கப் பத்திரிகைகள் எல்லாம் சேர்ந்து இவரைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தன.

ஏன் என்று பார்ப்பதற்கு முன்னால், போன எபிசோடைக் கேட்காதவங்களுக்காகக் கதைச்சுருக்கம். 1886 மே 1. எட்டு மணி நேர வேலை கேட்டு அமெரிக்கா முழுக்க ஸ்டிரைக். சிகாகோதான் மையம். மே 3 அன்று மெக்கார்மிக் என்ற விவசாய இயந்திரத் தொழிற்சாலை வாசலில் போலீஸ் துப்பாக்கிச்சூடு, தொழிலாளர்கள் சாகிறார்கள். அதைக் கண்டித்து மறுநாள் இரவு ஹேமார்க்கெட் என்ற இடத்தில் கூட்டம். நகர மேயரே வந்து கொஞ்ச நேரம் நின்று கேட்டார், பிரச்சினை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மழை வருகிற மாதிரி இருந்ததால் கூட்டமும் பாதி கலைந்துவிட்டது. அந்த நேரத்தில் பான்ஃபீல்ட் என்ற இன்ஸ்பெக்டர் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட போலீசோடு வந்து கலைந்து போகச் சொல்கிறார். யாரோ ஒருத்தன் குண்டு வீசுகிறான். குண்டிலும் அதைத் தொடர்ந்த துப்பாக்கிச்சூட்டிலும் ஏழு போலீஸ்காரர்கள் இறந்தார்கள். பொதுமக்களிலும் குறைந்தது நாலு பேர்.

குண்டு போட்டது யார்? அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஆனா எட்டுப் பேர் மேல் கொலை வழக்கு. ஏழு பேருக்குத் தூக்கு, ஒருத்தருக்குப் பதினைந்து வருஷம். அப்போதைய கவர்னர் ஓகில்ஸ்பி ரெண்டு பேரின் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். ஒருத்தர் சிறையிலேயே தற்கொலை செய்துகொண்டார். 1887 நவம்பர் 11 அன்று நாலு பேரைத் தூக்கில் போட்டார்கள். மிச்சம் மூணு பேர்: சாமுவேல் ஃபீல்டன், மைக்கேல் ஷ்வாப், ஆஸ்கர் நீபி. ஜோலியட் என்ற ஊர் ஜெயிலில் அடைத்தார்கள். இந்த ஊர்ப் பெயரை மனசில் வைத்துக்கொள்ளுங்க, கடைசியில் திரும்ப வரும்.

இப்போ நம்ம ஆள்.

ஆல்ட்கெல்ட் பிறந்தது 1847 டிசம்பரில், ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில். சில மாதக் கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டது. ஒஹையோ மாநிலத்தில் விவசாயம். ஜெர்மன் மொழியில் ஆல்ட் என்றால் பழைய, கெல்ட் என்றால் பணம். பெயர்தான் பழம்பணம், வீட்டில் புதுப்பணமும் கிடையாது. பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். வீட்டில் பேசினது ஜெர்மன். மேலுதட்டில் பிறவிப் பிளவு வேறு, அதை மறைக்கத் தாடி. இப்படி ஒரு பையன் பின்னாளில் மேடைப் பேச்சில் பெயர் எடுப்பான் என்று அந்த ஊரில் யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

பதினாறு வயதில் உள்நாட்டுப் போரில் சிப்பாயாகச் சேர்ந்தார். வர்ஜீனியாவில் காய்ச்சல் பிடித்தது. அந்தக் காய்ச்சல் வாழ்நாள் முழுக்க விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. திரும்பி வந்து கொஞ்ச நாள் வாத்தியார் வேலை. பிறகு வேலை தேடி மேற்கே நடக்கிறார், பெரும்பாலும் கால்நடையாகவே. ஆர்கன்சாவில் ரயில் பாதை போடும் கூலி வேலை செய்தார். மறுபடியும் காய்ச்சல். மிசூரியில் ஒரு விவசாயி வீட்டில் தங்கி உடம்பு தேறி, அங்கேயே சட்டம் படித்து வக்கீல் ஆகி, 1874-ல் அந்த வட்டாரத்தின் அரசு வழக்கறிஞராகத் தேர்தலில் ஜெயித்தார். ஒரு வருஷம்கூட முழுசாக இருக்கவில்லை. ராஜினாமா செய்துவிட்டு 1875-ல் சிகாகோவுக்கு ரயில் ஏறிவிட்டார்.

சிகாகோவில் அவர் பணக்காரர் ஆனது வக்கீல் தொழிலால் இல்லை, நிலத்தால். இடம் வாங்கி, கட்டடம் கட்டி, விற்று... இன்றைய பாஷையில் பில்டர். யூனிட்டி பில்டிங் என்று பதினாறு மாடிக் கட்டடம் ஒன்றைக் கட்டினார். அந்தக் காலத்துக்கு அது வானத்தைத் தொடுகிற உயரம். தன் சம்பாத்தியத்தில் பெரும்பகுதியை அதில்தான் போட்டிருந்தார். ஆக, இவர் ஏதோ கொடி பிடித்துத் தெருவில் நின்ற புரட்சிக்காரர் என்று நினைக்காதீங்க. சிகாகோவின் பெரிய மனுஷங்களில் ஒருத்தர்.

ஆனா இந்தப் பில்டர் 1884-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார், சிறைகளைப் பற்றி. நம்ம ஜெயில்கள் குற்றவாளிகளைத் திருத்துவதில்லை, உற்பத்தி செய்கின்றன. வருஷத்துக்கு இத்தனை பேரைப் பிடித்து உள்ளே போடுகிறோமே, அதில் எத்தனை பேர் வெறும் ஏழைகள், அபராதம் கட்டக் காசில்லாதவர்கள் என்று கேட்கிற புத்தகம். அதை ஒஹையோவில் ஒரு சின்ன ஊரில் ஒரு இளம் வக்கீல் படித்துவிட்டு, எழுதினவரைப் பார்க்கணும் என்று சிகாகோவுக்கே குடிவந்துவிட்டார். அவர்தான் கிளாரன்ஸ் டாரோ. பிற்காலத்தில் அமெரிக்காவின் மிகப் பிரபலமான கிரிமினல் வக்கீல். அந்த நட்பு சாகும்வரை நீடித்தது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லணும். அந்த நாலு பேரைத் தூக்கில் போட்ட 1887-ல் ஆல்ட்கெல்ட் சிகாகோவில்தான் இருந்தார். அதுவும் நீதிபதியாக. உயிரைக் காப்பாற்றுங்க என்று நடந்த கருணை மனு இயக்கத்தில் அவர் முன்னால் வந்து நிற்கவில்லை. அவரைப் பிடித்தவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். எனக்கு என்னமோ இது அவர் கதையை இன்னும் நம்பும்படியாக ஆக்குகிறது என்று தோணுது.

1892 தேர்தலில் ஜனநாயகக் கட்சி சார்பில் நின்று கவர்னர் ஆனார். இல்லினாய்க்கு வெளிநாட்டில் பிறந்த முதல் கவர்னர். பதவி ஏற்கும்போதே உடம்பு சரியில்லை. பதவியேற்பு உரையைக்கூட முழுசாகப் படிக்க முடியாமல் வேறொருத்தர் படித்தார்.

அப்போது அந்த மூணு பேர் ஜெயிலில் ஆறாவது வருஷம். விடுதலை செய்யுங்க என்று கேட்டு மனு குவிகிறது. கேட்டது யார் தெரியுமா? தொழிற்சங்கக்காரர்கள் மட்டும் இல்லை. சிகாகோவின் வியாபாரிகள், பேங்கர்கள், வக்கீல்கள், நீதிபதிகள். அதாவது ஏழு வருஷத்துக்கு முன்னால் "தூக்கில் போடு" என்று கத்தின அதே வர்க்கம். சூடு ஆறிப் போச்சு. போதும், நிறைய அனுபவிச்சுட்டாங்க, பாவம், விட்டுடுங்க என்கிற மனநிலை.

ஆக, ஆல்ட்கெல்டுக்கு முன்னால் ரொம்ப சுலபமான ஒரு வழி இருந்தது. ஒரு பக்கத் தாள். "இவர்கள் போதுமான அளவு தண்டனை அனுபவித்துவிட்டார்கள், கருணை அடிப்படையில் விடுவிக்கிறேன்." கையெழுத்து. பத்திரிகைகள் ஒரு நாள் முணுமுணுக்கும், மறுநாள் வேறு செய்திக்குப் போயிடும். பேங்கர்களே கேட்கிறார்கள் என்னும்போது யார் குறை சொல்லப் போகிறார்கள்?

டாரோ அவசரப்படுகிறார். பதவிக்கு வந்ததும் செய்வார் என்று எதிர்பார்த்தார். ஜனவரி போச்சு, பிப்ரவரி போச்சு. நேரில் போய்க் கேட்டபோது ஆல்ட்கெல்ட் சொன்னதாக டாரோ பின்னால் எழுதியிருக்கார்: நான் இதைச் செய்தால் நீங்க எதிர்பார்க்கிற பாராட்டு வராது, அன்றோடு என் அரசியல் வாழ்க்கை முடிந்தது. அவர் செய்துகொண்டிருந்தது என்ன என்றால், வழக்குக் கட்டு முழுவதையும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்.

1893 ஜூன் 25 அன்று, தூக்கில் போடப்பட்டவர்களின் கல்லறையில் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. மறுநாள் ஜூன் 26, கவர்னர் மன்னிப்பில் கையெழுத்துப் போட்டார். கூடவே ஒரு விளக்க அறிக்கை. ஏறக்குறைய பதினெட்டாயிரம் வார்த்தை.

அந்த அறிக்கையின் ஆரம்பத்திலேயே தன் நிலையைச் சொல்லிவிடுகிறார். போதுமான தண்டனை அனுபவித்துவிட்டார்கள் என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன். நியாயமான விசாரணை நடந்து, இவர்கள் குற்றவாளிகள் என்று நிரூபணம் ஆகியிருந்தால், கவர்னர் தலையிடவே கூடாது. அப்படிப்பட்ட குற்றத்துக்கு எந்தத் தண்டனையும் அதிகம் இல்லை. ஆகவே கேள்வி ஒன்றுதான்: விசாரணை நியாயமாக நடந்ததா?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். நான் எட்டாவது படிக்கும்போது கிளாஸில் ஃபேன் ரெகுலேட்டர் உடைந்துபோனது. நான் உடைக்கலை. ஆனா பக்கத்தில் நின்றது நான். தலைமை ஆசிரியை கூப்பிட்டு, எல்லார் முன்னாடியும், "போனா போகுது, இந்தத் தடவை மன்னிச்சு விடறேன்" என்றார். அடியும் இல்லை, அபராதமும் இல்லை. ஆனா வருஷம் முடிகிறவரைக்கும் நான்தான் ரெகுலேட்டரை உடைச்சவன். அந்த மன்னிப்பை நான் இன்னும் மன்னிக்கலை, சொல்லப்போனா. உங்களுக்கும் இந்த மாதிரி ஒரு மன்னிப்பு கிடைத்திருக்கும், ஆபீஸிலோ வீட்டிலோ. ஆல்ட்கெல்ட் அந்த மூணு பேருக்கு அப்படி ஒரு மன்னிப்பைத் தர விரும்பவில்லை. செத்துப்போன அஞ்சு பேருக்கும் அது போய்ச் சேராது, இல்லையா?

சரி, அறிக்கையில் என்னதான் இருந்தது? ஜூரியில் இருந்து ஆரம்பிக்கிறார். அங்கே குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்வது பன்னிரண்டு சாதாரணக் குடிமக்கள். வழக்கமாகக் குலுக்கல் முறையில் பெயர் எடுப்பார்கள். இந்த வழக்கில் அப்படி எடுக்காமல், ரைஸ் என்ற நீதிமன்ற அலுவலரிடம் "நீ போய் ஆள் பிடித்துக்கொண்டு வா" என்று விட்டுவிட்டார்கள். அந்த ரைஸ் வெளியே என்ன பேசிக்கொண்டு திரிந்தார் என்று சிகாகோ வியாபாரி ஒருத்தர் பிரமாணப் பத்திரம் கொடுத்திருக்கார். இந்த கேஸை நான்தான் நடத்தறேன், இவனுங்க தொங்கறது நிச்சயம், எதிர்த்தரப்பு வேண்டாம் என்று ஒதுக்கியே தீர வேண்டிய ஆட்களாகப் பார்த்துக் கூப்பிடறேன், அவங்களோட ஒதுக்கும் உரிமை தீர்ந்துபோனதும் மிச்சம் இருக்கிறவனை ஏத்துக்கிட்டுத்தானே ஆகணும். இதுதான் அவர் சொன்னதன் சாரம். மொத்தம் 981 பேரைக் கூப்பிட்டு விசாரித்துத்தான் பன்னிரண்டு பேரை எடுத்தார்கள். அதுக்கே மூணு வாரம் ஆச்சு.

வந்தவர்களில் பலர், இவர்கள் குற்றவாளிகள் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டேன் என்று நேராகவே சொல்கிறார்கள். ஒருத்தர் இறந்துபோன போலீஸ்காரரின் சொந்தக்காரர். நீதிபதி கேரி அவர்களிடம் சுற்றிச் சுற்றிக் கேள்வி கேட்டு, சாட்சியத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முயற்சி செய்வேன் என்று சொல்ல வைத்து, தகுதியானவர் என்று அறிவிக்கிறார். ஆல்ட்கெல்ட் இந்தக் கேள்வி பதில்களை அப்படியே எடுத்து அறிக்கையில் போட்டார். அவர் தன் கருத்தைச் சொல்லவே தேவை இல்லாமல் போச்சு.

அடுத்தது சாட்சியம். குண்டு போட்டவன் யார் என்றே தெரியாதபோது, அவன் இந்த எட்டுப் பேர் பேச்சைக் கேட்டுத்தான் போட்டான் என்று எப்படிச் சொல்ல முடியும்? அவன் இவர்களின் பேச்சைக் கேட்டானா, எழுத்தைப் படித்தானா, எதுவும் நிரூபிக்கப்படவில்லை. பொதுவாக வன்முறையாகப் பேசினார்கள், யாரோ எங்கோ செய்தான், ஆகவே இவர்களும் கொலைகாரர்கள் என்பதுதான் தீர்ப்பின் அடிப்படை. ஆல்ட்கெல்ட் இதுக்கு மேலும் போகிறார். பான்ஃபீல்டின் போலீஸ் அதுக்கு முந்தைய ஸ்டிரைக்குகளில் தெருவில் போகிறவர்களை எல்லாம் தடியால் அடித்துத் துவைத்தது. அதில் பாதிக்கப்பட்ட எவனோ ஒருத்தன் பழிவாங்கப் போட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்கிறார்.

ஆஸ்கர் நீபி கதை இன்னும் மோசம். அரசு வழக்கறிஞரே, இவர்மேல் கேஸ் நிற்காது என்று நினைக்கிறேன் என்று மேயர் முன்னால் சொல்லியிருக்கார். அப்புறம் ஏன் விடலை? இப்போ விட்டால் மற்ற ஏழு பேர் விஷயத்தில் ஜூரிக்குச் சந்தேகம் வந்துடுமே என்று கூட இருந்தவர்கள் சொன்னார்களாம். அதுக்காக ஒரு மனுஷனுக்குப் பதினைந்து வருஷம். அவர் உள்ளே இருக்கும்போது வெளியே மனைவி இறந்துபோனார்.

அறிக்கையில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறொரு பகுதி. சிகாகோ போலீஸின் தலைமை அதிகாரியாக இருந்த எபர்சோல்ட் 1889-ல் ஒரு பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியை ஆல்ட்கெல்ட் எடுத்து வைக்கிறார். தனக்குக் கீழே வேலை பார்த்த ஷாக் என்ற கேப்டனைப் பற்றி எபர்சோல்ட் சொல்கிறார். நிலைமை அடங்கணும் என்று நான் பார்த்தேன், அவர் கொதித்துக்கொண்டே இருக்கணும் என்று பார்த்தார். இங்கே குண்டு, அங்கே குண்டு என்று கண்டுபிடித்துக்கொண்டே இருக்கணும். நிஜமான அனார்க்கிஸ்ட் சங்கங்களை உடைத்து முடித்த பிறகு, போலீஸே ஆள் வைத்துப் புதுசாகச் சங்கம் ஆரம்பிக்கலாம் என்று கேட்டார். இதைச் சொன்னது எதிர்க்கட்சிக்காரர் இல்லை, போலீஸ் தலைமை அதிகாரி.

கடைசியில் நீதிபதி கேரியை நேரடியாகவே கைவைக்கிறார். விசாரணை முழுக்க பாரபட்சம் என்று எழுதிவிட்டார். இது தேவையா என்று அவருடைய நண்பர்களே கேட்டார்கள். எனக்கும் அந்தப் பகுதியில் கோபம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது. மற்றதெல்லாம் வக்கீல் எழுதினது, அது மட்டும் மனுஷன் எழுதினது.

கையெழுத்துப் போட்ட தாள்களை ஜோலியட் ஜெயிலுக்கு எடுத்துக்கொண்டு போனது யார் தெரியுமா? டிரையர் என்ற பேங்கர். அந்த எட்டுப் பேர்மேல் முதலில் குற்றம் சாட்டிய குழுவுக்குத் தலைவராக இருந்தவரே அவர்தான். பின்னால் மனம் மாறி, விடுதலைக்காக அலைந்தார். தாளைக் கையில் வாங்கியபோது அழுதுவிட்டார் என்று சொல்வார்கள்.

அடுத்த நாள் ஆரம்பித்தது. ஊர் ஊராகக் கவர்னருக்குக் கொடும்பாவி எரித்தார்கள். அனார்க்கிஸ்ட், கொலைகாரர்களின் நண்பன், வெளிநாட்டுக்காரன். இவர் உடம்பில் ஓடுவது அமெரிக்க ரத்தமே இல்லை என்கிற ரீதியில் சிகாகோ ட்ரிப்யூன் எழுதியது. மூணு மாதக் குழந்தையாக வந்து, பதினாறு வயதில் அந்த நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கின ஆளைப் பார்த்து! மூணு பேரை விட்டதில் யாருக்கும் பெரிய கோபம் இல்லை, கவனிச்சுக்கோங்க. சொன்ன காரணத்தில்தான் கோபம். கருணை காட்டியிருந்தால் எல்லாருக்கும் பெருமை. தப்பு நம்ம பக்கம் என்று சொன்னால் யாரால் தாங்க முடியும்?

அவர் இதையும் தாண்டி வேலை செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. அதே 1893-ல் தொழிற்சாலை ஆய்வுச் சட்டம் கொண்டுவந்தார். பதினாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது, பெண்களுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை. அதைக் கண்காணிக்கத் தலைமை ஆய்வாளராக ஃபுளோரன்ஸ் கெல்லி என்ற பெண்ணை நியமித்தார். அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்கு அந்தப் பதவியில் முதல் பெண். கெல்லி இரும்புப் பொம்பளை, அவருக்குத் தனி எபிசோடே போடலாம். எட்டு மணி நேரப் பிரிவை மட்டும் ரெண்டு வருஷத்தில் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. எத்தனை மணி நேரம் உழைப்பது என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் சுதந்திரத்தில் அரசு தலையிடுகிறதாம்!

1894 ஜூன் 26. மன்னிப்பில் கையெழுத்துப் போட்டு நாள் பிசகாமல் ஒரு வருஷம். சிகாகோ பக்கத்தில் புல்மேன் என்ற ஊர். ரயிலில் படுத்துத் தூங்குகிற சொகுசுப் பெட்டி செய்கிற கம்பெனியின் சொந்த ஊர். தொழிலாளி குடியிருக்கும் வீடும் கம்பெனியுடையது. சம்பளத்தைக் குறைத்தார்கள், வாடகையைக் குறைக்கவில்லை. ஸ்டிரைக் வெடித்தது. யூஜின் டெப்ஸ் தலைமையிலான ரயில்வே தொழிற்சங்கம், புல்மேன் பெட்டி கோத்த ரயிலைத் தொட மாட்டோம் என்று அன்றைக்கு அறிவித்ததும் ரயில்கள் நின்றன. தபால் போகவில்லை என்பதைக் காரணம் காட்டி ஜனாதிபதி கிளீவ்லேண்ட் சிகாகோவுக்கு ராணுவத்தை அனுப்பினார். கவர்னரைக் கேட்கவே இல்லை. இத்தனைக்கும் ரெண்டு பேரும் ஒரே கட்சி. அந்த முடிவுக்குப் பின்னால் நின்ற மத்திய அட்டர்னி ஜெனரல் ஓல்னி, அதுக்கு முன்னால் ரயில்வே கம்பெனிகளின் வக்கீல்.

ஆல்ட்கெல்ட் தந்திமேல் தந்தி அடித்தார். ஒழுங்கைக் காக்க என்னிடம் மாநிலப் படை தயாராக இருக்கிறது, கேட்ட இடத்துக்கெல்லாம் அனுப்பியிருக்கிறேன், நான் கேட்காமல் ராணுவத்தை அனுப்புவது அரசியல் சட்டத்துக்கு விரோதம், திரும்பப் பெறுங்க. அவர் சொன்னது உண்மைதான். ஸ்டிரைக் நடந்த வேறு ஊர்களுக்கு அவரே படையை அனுப்பியிருந்தார். கிளீவ்லேண்ட் மசியவில்லை. ராணுவம் வந்த பிறகுதான் கலவரம் பெரிதானது. ஸ்டிரைக் நசுக்கப்பட்டது. மத்திய அரசு, மாநில உரிமை என்று தினம் செய்தி படிக்கிற நமக்கு இந்தச் சண்டை ரொம்பப் பரிச்சயமாக இருக்கும். ஆகஸ்டில் அவர் நேரில் புல்மேன் ஊருக்குப் போய் வீடு வீடாகப் பார்த்தார். ஆறாயிரம் பேர் சாப்பாடு இல்லாமல் கிடக்கிறார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் என்று முதலாளி புல்மேனுக்கே கடிதம் எழுதினார். அங்கிருந்து உருப்படியான பதில் வராததால், மக்களிடம் உதவி கேட்டு அறிக்கை விட்டார்.

ரெண்டு வருஷம் கழித்து 1896-ல், ஜனநாயகக் கட்சி மாநாடு சிகாகோவில். கிளீவ்லேண்டின் வழியைக் கட்சியே கைவிட்டது. அதன் பின்னால் இருந்த முக்கியமான கை ஆல்ட்கெல்டுடையது. ஜனாதிபதி வேட்பாளராக இவரே நிற்கலாமே என்று கேட்டால், முடியாது, வெளிநாட்டில் பிறந்தவர். அந்த வருஷத் தேர்தலில் எதிர்க்கட்சி பிரசாரம் செய்தது வேட்பாளர் பிரயனை எதிர்த்து மட்டும் இல்லை, இவரையும் எதிர்த்துத்தான். தியடோர் ரூஸ்வெல்ட் சிகாகோவுக்கே வந்து, கொலைகாரர்களுக்குத் துணைபோனவர் என்கிற அளவுக்குத் திட்டினார். கவர்னர் தேர்தலில் ஆல்ட்கெல்ட் தோற்றார். தோற்றபோதும் இல்லினாயில் பிரயனைவிட இவருக்குக் கொஞ்சம் அதிக ஓட்டு. பதவி முடிந்து போகிற கவர்னர் விடைபெறும் உரை ஆற்றுவது வழக்கம். இவருக்கு அந்த வாய்ப்பைக்கூடத் தரவில்லை.

பிறகு எல்லாம் சரிவுதான். பதினாறு மாடிக் கட்டடம் கைவிட்டுப் போனது. 1899-ல் சிகாகோ மேயர் தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றார். ஒரு காலத்தில் இவர் புத்தகத்தைப் படித்துவிட்டு ஊர் மாறி வந்த டாரோவின் அலுவலகத்தில்தான் கடைசியில் வக்கீலாக உட்கார்ந்தார்.

1902 மார்ச் 11. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ்காரர்களை எதிர்த்துப் போரிட்ட போயர்களை ஆதரித்து ஒரு கூட்டம். ஆல்ட்கெல்ட் பேசி முடித்தார், சுருண்டு விழுந்தார், மறுநாள் இறந்துபோனார். வயது 54. ஊர் எது என்று கேளுங்க. ஜோலியட்.

சிகாகோ பொது நூலகத்தில் உடலை வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் ஜனம் வரிசையில் நின்றது. இறுதிச் சடங்கில் பேசினது டாரோவும் சமூக சேவகர் ஜேன் ஆடம்ஸும்.

நினைவுகள்? லிங்கன் பூங்காவில் சிலை இருக்கு. ரஷ்மோர் மலையில் ஜனாதிபதிகள் முகத்தைச் செதுக்கினாரே போர்க்லம், அவர் செய்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கோட்டை மாதிரி ஒரு கட்டடம், ஆல்ட்கெல்ட் ஹால். அங்கே படித்த நம்ம ஊர்ப் பசங்க நிறையப் பேர் அதைத் தாண்டி கிளாஸுக்குப் போயிருப்பாங்க. சிகாகோவின் தெற்கு ஓரத்தில் ஆல்ட்கெல்ட் கார்டன்ஸ் என்று ஒரு அரசுக் குடியிருப்பு, 1940-களில் கறுப்பினத் தொழிலாளர்களுக்காகக் கட்டியது. 1980-களில் ஒரு இளைஞர் அங்கே வந்து, வீடுகளில் இருக்கிற ஆஸ்பெஸ்டாஸை அகற்றணும் என்று குடியிருக்கிறவர்களைத் திரட்டினார். பெயர் பராக் ஒபாமா.

சரி, கேட்ட கேள்விக்கு வரேன். மூணு பேர் என்ன ஆனாங்க? மைக்கேல் ஷ்வாப் காசநோயில் 1898-லேயே இறந்துவிட்டார். ஆஸ்கர் நீபி சிகாகோவில் சலூன், அதாவது மதுக்கடை, நடத்தினார். 1916 வரை இருந்தார். அன்றைக்கு ஹேமார்க்கெட்டில் போலீஸ் வந்தபோது வண்டிமேல் நின்று பேசிக்கொண்டிருந்த சாமுவேல் ஃபீல்டன் கொலராடோ போய், நிலம் வாங்கி, மாடு கன்று வைத்து, 1922 வரை வாழ்ந்தார். தன்னை விடுவித்தவர் செத்து இருபது வருஷத்துக்கு அப்புறமும்.

ஃபுளோரன்ஸ் கெல்லி எபிசோட் வேணும்னா சொல்லுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.